இருக்கும்போதே எழுத வேண்டிய கல்வெட்டு

ஆடி அமாவாசையன்று அமிர்தகழி ஸ்ரீ மாமாங்கேஸ்வரர் ஆலயத் தீர்த்தக் கரையிலே பல்லாயிரக்கணக்கான அடியார்கள் கூடுகின்றனர். தந்தையை இழந்தோர் தீர்த்தமாடிப் பிதிர்க்கடன் தீர்க்கும் புனித நாள் அது. தர்ப்பணம் செய்விக்கும் குருக்கள் தந்தையின் பெயரைக் கேட்கிறார். அடுத்து பாட்டனாரின் பெயரையும், அதற்கடுத்து பூட்டனாரின் பெயரையும் கேட்கிறார். முதற் கேள்விக்கு உடனே விடை வருகிறது. இரண்டாவது கேள்விக்குச் சிறிது தயக்கம். மூன்றாவது கேள்விக்குப் பலரிடம் மௌனமே விடையாகிறது. அருகில் நிற்கும் வயதான மாமியாரோ பெரியப்பாவோ சொன்னால் உண்டு. அவர்களும் இல்லாத காலத்தில் அந்தப் பெயரைச் சொல்ல எவரும் இல்லை.

இல்வாழ்வான் பேண வேண்டிய கடமைகளை வகுத்துரைத்த வள்ளுவப் பெருந்தகை, தென்புலத்தார் எனப்படும் முன்னோருக்குரிய கடனையே முதலில் வைத்தார். முன்னோரை மறவாதிருத்தல் அறம். தமக்குப் பின் வருவோர் மறவாதிருக்க வழி செய்து வைத்தலும் அந்த அறத்தின் மறுபாதியே எனலாம். எள்ளும் நீரும் இறைத்தலால் மட்டும் இந்தக் கடன் முழுமை பெற்றுவிடாது.

தாய்வழிக் குடியும் வாய்வழி நினைவும்

மட்டக்களப்புத் தமிழகத்தின் சமூக அமைப்பு தாய்வழிக் குடி மரபில் எழுந்தது. பிள்ளை தாயின் குடியைச் சேரும். ஒரே குடியினுள் திருமணம் செய்வதில்லை. உலகிப்போடி குடி, காலிங்கா குடி, படையாண்ட குடி என்றவாறு வழங்கும் குடிப்பெயர்கள் பல ஆலயங்களிலே திருவிழா உபயங்களோடும், வண்ணக்கர் தெரிவோடும், காளாஞ்சி வழங்கும் வரிசையோடும் இணைந்துள்ளன. ஆகவே "நீ யாருடைய வயிற்றுவார்?" என்ற கேள்விக்கு விடை தெரிந்திருப்பது இப்பிரதேசத்தில் வெறும் பெருமைக்குரிய விடயமன்று. கலியாணம் பேசும்போதும் ஆலயக் கடமை ஏற்கும்போதும் அது தேவைப்பட்டது.

இந்த நினைவைக் காத்தவர்கள் பெரும்பாலும் பெண்களே. மகளுக்கு வீடு சீதனமாகக் கொடுக்கப்பட்டமையால், தாயும் மகளும் பேத்தியும் ஒரே வளவில் அல்லது அயல் வளவில் வாழ்ந்தனர். நெல் அவிக்கும்போதும், பாய் இழைக்கும்போதும், பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போதும் அம்மம்மா சொன்ன கதைகளிலேயே வம்சாவளி வாழ்ந்தது. இன்று பேத்தி கொழும்பிலும், பேரன் ரொறன்ரோவிலும் அல்லது சூரிச்சிலும் வாழ்கின்றனர். அம்மம்மா தனித்திருக்கிறார். கதை சொல்லப்பட்ட திண்ணையே இல்லாமற் போயிற்று. எழுத்தில் ஏற்றாவிட்டால் இனி இந்த நினைவு நிலைக்காது.

ஏட்டைக் காத்தவர்கள்

பனையோலை ஏடு என்றென்றும் நிலைப்பதன்று. செல்லரிக்கும், இராமபாணப் பூச்சி துளைக்கும், ஈரத்தில் உளுத்துப்போகும். அப்படியிருந்தும் கண்ணகி வழக்குரையும், ஆலயங்களின் பழைய கல்வெட்டுப் பாடல்களும் இன்றுவரை வந்து சேர்ந்தமைக்குக் காரணம், ஒவ்வொரு தலைமுறையிலும் எவரோ ஒருவர் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதி வைத்தமையே. ஏடுகளில் கிடந்த பழஞ்செய்திகளைத் தொகுத்து எப். எக்ஸ். சி. நடராசா அவர்கள் 1962இல் "மட்டக்களப்பு மான்மியம்" எனப் பதிப்பித்தார். வித்துவான் வி. சீ. கந்தையா அவர்கள் 1964இல் "மட்டக்களப்புத் தமிழகம்" என்னும் நூலைத் தந்தார். இவர்கள் கையில் எடுத்திராவிட்டால் எத்தனையோ செய்திகள் பெட்டகத்தினுள்ளேயே மண்ணாகியிருக்கும்.

இதிலிருந்து பெறும் பாடம் ஒன்றுண்டு. ஒரு பொருளை எவ்வளவு பத்திரமாகப் பூட்டி வைத்தாலும் அது ஒன்றாக இருக்கும்வரை ஆபத்திலேயே இருக்கிறது. படியெடுத்து வேறு வேறு இடங்களில் வைத்தால்தான் பாதுகாப்பு. ஊருக்குப் பொருந்தும் இவ்வுண்மை ஒரு குடும்பத்திற்கும் பொருந்தும்.

புயலும் கடலும் கொண்டு சென்றவை

1978 நவம்பர் 23ஆந் திகதி வீசிய சூறாவளி, மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்னந்தோப்புகளோடு ஓலைக்கூரைகளையும் ஓட்டுக்கூரைகளையும் அள்ளிச் சென்றது. விடியும்போது பல வீடுகளில் சுவர் மட்டுமே எஞ்சியிருந்தது. அதற்குப் பின் போர்க்காலம். 1990இலும், மீண்டும் 2006, 2007ஆம் ஆண்டுகளிலும் வாகரை, படுவான்கரை முதலிய பகுதிகளின் மக்கள் உடுத்த உடையோடு இடம்பெயர்ந்தனர்.

இவற்றிடையே 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமை, பூரணை தினத்தன்று காலை, ஆழிப்பேரலை வந்தது. இலங்கை முழுவதிலும் 30,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கல்லடி, நாவலடி, டச்பார் தொடக்கம் தெற்கே கல்முனை, காரைதீவு, திருக்கோவில் வரை எழுவான்கரையின் கடலோர ஊர்கள் சிதைந்தன. கல்லடி திருச்செந்தூர் முருகன் ஆலயத்தின் சரிந்த கோபுரம் அந்த நாளுக்குச் சாட்சியாக நின்றது. உயிர்களின் இழப்போடு ஒப்பிடத் தக்கது எதுவுமில்லை. ஆயினும் எஞ்சியோரைப் பின்னர் வாட்டிய இன்னோர் இழப்பும் இருந்தது. பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், காணி உறுதி, வங்கிப் புத்தகம், பிள்ளையின் ஒரேயொரு புகைப்படம் ஆகிய அனைத்தும் ஒரே அலுமாரியில் இருந்து, ஒரே அலையில் போயின. தாம் யார், தமது பிள்ளை யார் என்பதையே கடதாசி இன்றி நிறுவ வேண்டிய நிலை ஏற்பட்டது.

81ஆம் இலக்கக் குழந்தை

அவ்வாறான துயரங்களில் உலகமே அறிந்த ஒன்று கல்முனையில் நிகழ்ந்தது. அலை வடிந்த பின் இடிபாடுகளிடையே உயிருடன் கண்டெடுக்கப்பட்ட சில மாதக் கைக்குழந்தை ஒன்று கல்முனை வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டது. அன்று அனுமதிக்கப்பட்ட 81ஆவது நோயாளி என்பதால் "81ஆம் இலக்கக் குழந்தை" என்ற பெயரே அதற்கு நிலைத்தது. பல குடும்பங்கள் உரிமை கோருவதாகச் செய்திகள் பரவின. நீதிமன்றத்தில் முறைப்படி உரிமை கோரியவர்கள் ஒரே தம்பதியர்தான். எனினும் அவர்களது வீடும் வீட்டிலிருந்த ஆவணங்களும் அழிந்து போயிருந்தன. கடைசியில் நீதிமன்றம் மரபணுப் பரிசோதனைக்குக் கட்டளையிட்டது. 2005 பெப்ரவரி நடுப்பகுதியில் முடிவு வந்து, குழந்தை தாயின் மடியை அடைந்தது. பெற்ற தாய் தன் பிள்ளையைத் தூக்குவதற்கு ஏழு வாரங்களாகக் காத்திருக்க நேர்ந்தது.

அந்தத் தாய் தந்தையர் மீது எக்குறையும் இல்லை. அப்படியொரு நாள் வரும் என எவர் நினைத்திருப்பார்? ஆனால் அது நிகழ்ந்த பின்னரும் பிள்ளையின் சான்றிதழ்களின் பிரதியை வேறோர் உறவினர் வீட்டில் வைக்காதிருப்பது கவனக்குறைவாகவே முடியும்.

உடலும் கிடைக்காதவர்களின் குடும்பங்களது துயர் வேறு. ஆழிப்பேரலையில் காணாமற் போனோரின் மரணத்தைப் பதிவு செய்ய 2005இல் தற்காலிக ஏற்பாடுகளைக் கொண்ட சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. போர்க்காலத்தில் காணாமற் போனோர் தொடர்பாக 2010இல் மற்றொரு சட்டம் வந்தது. மரணச் சான்றிதழ் பெற மனம் ஒப்பாத குடும்பங்களுக்காக, காணாமற் போனமையை உறுதிப்படுத்தும் சான்றிதழ் 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் அறிமுகமாயிற்று. இவற்றிற்கு விண்ணப்பிக்கும்போதும், முழுப்பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், இறுதியாகக் காணப்பட்ட இடம் முதலிய விபரங்களை எவரேனும் எழுதி வைத்திருந்தால் குடும்பத்தின் அலைச்சல் பெரிதும் குறையும்.

கதையே காவலான தீவு

அதே 2004 ஆழிப்பேரலையின் பிறப்பிடத்திற்கு மிக அருகில், இந்தோனேசியாவின் சுமாத்திராக் கரைக்கு அப்பால், சிமியுலுவே என்றொரு தீவு உண்டு. 1907இல் அத்தீவைப் பேரலை ஒன்று தாக்கிப் பலரைப் பலிகொண்டது. தப்பியவர்கள் அதனை மறந்துவிடவில்லை. "நிலம் பலமாக அதிர்ந்து, கடல் பின்வாங்கினால் மேட்டுக்கு ஓடு" என்பதை அவர்கள் கதையாகவும் தாலாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர். அந்த அலைக்கு "ஸ்மொங்" எனத் தம் மொழியில் ஒரு பெயரும் வைத்திருந்தனர். 97 ஆண்டுகளின் பின் நிலம் அதிர்ந்தபோது "ஸ்மொங்" என்ற குரல் ஊரெங்கும் எழுந்தது. மக்கள் குன்றுகளில் ஏறினர். ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் ஆழிப்பேரலையால் இறந்தோர் ஏழு பேர் மட்டுமே.

இலங்கையின் கிழக்குக் கரையில் நிலம் அவ்வாறு அதிர்ந்து எச்சரிக்கவில்லை. ஆகையால் இரு இடங்களையும் ஒப்பிட்டு எவரையும் குறை கூறுவதற்கில்லை. ஆனால் குடும்பத்தில் சொல்லப்படும் கதை உயிர் காக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 2004இன் பின் பிறந்தவர்கள் இன்று வாலிப வயதை அடைந்துவிட்டனர். அந்த நாளைக் கண்டவர்கள் அவர்களுக்குச் சொல்லாவிட்டால், அடுத்த தலைமுறைக்கு அது பாடப்புத்தகத்தின் ஒரு வரியாகிவிடும். தண்ணீர் எந்த ஒழுங்கை வழியாக வந்தது, எந்த மேடு தப்பியது, வாவிப் பக்கம் எந்த வழியாக ஓடினார்கள் என்பவற்றை அவ்வூரார் தவிர வேறு எவரும் சொல்ல முடியாது.

காணியும் உரிமையும்

குடும்பத்தின் எதிர்பாராத நிலைக்கு ஆயத்தம் என்றவுடன் காணி பற்றிய பேச்சு தவிர்க்க முடியாதது. முற்காலத்தில் இப்பிரதேசத்தில் முக்குவச் சட்டம் என்னும் தாய்வழி உரிமை முறை வழங்கியது. பிரிட்டோ என்பவர் 1876இல் அதனை ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். அதே ஆண்டிலேயே விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் வந்து பழைய முறையின் இடத்தைப் பிடித்தது. வடமாகாணத்தின் தேசவழமையும் இங்கு பொருந்தாது. எனவே இப்பிரதேசத் தமிழர் ஒருவர் மரண சாசனம் எழுதாது இறப்பின், பொதுச் சட்டப்படி அவரது ஆதனத்தின் அரைப்பங்கு வாழ்க்கைத் துணைக்கும், மீதி அரைப்பங்கு பிள்ளைகளுக்குச் சமமாகவும் செல்லும். "இந்த வளவு இளைய மகளுக்கு" என வாயால் சொல்லி வைத்த சொல் சட்டத்தின் முன் நில்லாது. சீதனமாகக் கொடுப்பதாயின் நொத்தாரிசு முன்னிலையில் உறுதி முடித்துப் பதிவு செய்தல் வேண்டும். மரண சாசனமாயின் நொத்தாரிசு ஒருவரும் இரண்டு சாட்சிகளும் முன்னிருக்க, அல்லது ஐந்து சாட்சிகள் முன்னிருக்கக் கையொப்பமிடுதல் வேண்டும்.

அரச காணி அனுமதிப்பத்திரக் காணிகளுக்கு இவ்விதி பொருந்தாது. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி, அனுமதிப்பத்திரம் உடையவர் தமக்குப் பின் காணி யாருக்கு என்பதைப் பிரதேச செயலகத்தில் பின்னுரித்தாளராகப் பதிய வேண்டும். பதியாவிட்டால் சட்டத்தின் அட்டவணை முறைப்படியே உரித்து செல்லும். 2022இல் திருத்தப்படும் வரை அந்த அட்டவணை ஆண் பிள்ளைகளுக்கே முன்னுரிமை அளித்தது. மகளுக்கு வீடு கொடுக்கும் மரபுடைய இப்பிரதேசத்தில், ஒரு கையொப்பம் இடாமையினால் மரபுக்கு எதிரான முடிவு ஏற்பட இடமிருந்தது. ஆழிப்பேரலையின் பின் கட்டப்பட்ட வீடுகள் பல, குடும்பத் தலைவர் என்ற வகையில் கணவன்மாரின் பெயரில் பதிவானதும் இதே போன்ற சிக்கலைத் தந்தது. அழிந்த வீடு மனைவியின் சீதனம். கிடைத்த வீடோ வேறொருவர் பெயரில். ஆதலால் வீடு எவர் பெயரில் இருக்கிறது என்பதைக் கணவன் மனைவி இருவரும் இன்றே எடுத்துப் பார்ப்பது நன்று.

குடும்பக் கொப்பி

கிரியைகளின் 31ஆம் நாளில் நினைவு மலர் அல்லது கல்வெட்டு அச்சிட்டு வழங்கும் வழக்கம் ஈழத்தமிழரிடையே நெடுங்காலமாக உண்டு. தேவாரத் திருப்பதிகங்கள், திதி வெண்பா, வாழ்க்கைக் குறிப்பு, வம்சாவளி என்பன அதில் இடம்பெறும். இது போற்றத்தக்க மரபு. ஆனால் அது எழுதப்படும் வேளையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வீடு துக்கத்தில் மூழ்கியிருக்க, அச்சகம் அவசரப்படுத்த, "அம்மா எந்த ஆண்டு கலியாணம் முடித்தவ? அப்பப்பாவின் தகப்பன் பெயர் என்ன?" என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் கேட்கின்றனர். விடை தெரிந்த ஒரேயொருவர் அன்று இல்லை. அந்தக் கல்வெட்டின் பெரும்பகுதியை அவர் இருக்கும்போதே, அவர் வாயாலேயே கேட்டு எழுதியிருந்தால் எவ்வளவு நிறைவாயிருக்கும்!

இதற்குப் பெரிய வசதி எதுவும் வேண்டியதில்லை. தடித்த மட்டை போட்ட கொப்பி ஒன்று போதும். அதில் எழுதத்தக்கவை வருமாறு:

1. தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் தெரிந்த மட்டும் பெயர்கள், குடி, பிறந்த ஊர், தொழில்.

2. இறந்தோரின் மறைவுத் திகதி, நேரம், இடம். திகதியும் நேரமும் இருந்தால் பஞ்சாங்கம் பார்த்துத் திதியைக் கணிக்கலாம். ஆழிப்பேரலையில் மறைந்தோரின் திதி மார்கழிப் பூரணையாகும்.

3. பிறப்பு, விவாக, மரணச் சான்றிதழ்களின் பதிவு இலக்கமும் திகதியும். மூலப்பத்திரம் தொலைந்தாலும், இலக்கம் தெரிந்தால் பிரதேச செயலகத்தில் பிரதி எடுப்பது இலகு. இலக்கம் இல்லாவிடின் பழைய பதிவேடுகளைத் தேட வேண்டிவரும்.

4. காணி உறுதியின் இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர். நொத்தாரிசு முடித்த உறுதியின் இணைப்பிரதி காணிப் பதிவகத்தில் இருக்கும்.

5. வங்கிக் கணக்குகள், ஊழியர் சேமலாப நிதி இலக்கம், அரச ஊழியராயின் விதவைகள் அநாதைகள் ஓய்வூதிய இலக்கம், ஒவ்வொன்றிலும் பின்னுரித்தாளராகப் பெயரிடப்பட்டவர் யார் என்பது. திருமணத்திற்கு முன் தாயின் பெயரைக் கொடுத்துவிட்டுப் பின்னர் மாற்ற மறந்தோர் இதனைக் கவனித்தல் நன்று.

6. கொடுக்க வேண்டியதும் வர வேண்டியதும். அடகு ரசீது எங்கே, சீட்டுக் காசு எவரிடம், வட்டைக் காணியின் குத்தகை எதுவரை என்பன. கடனை மறைத்து வைத்துச் சென்றால் அது துக்க வீட்டின் வாசலில் வந்து நிற்கும்.

7. நோய், உட்கொள்ளும் மருந்து, ஒவ்வாத மருந்து, குருதி வகை, கிளினிக் கொப்பி இருக்கும் இடம்.

8. தமது இறுதிக் கிரியை குறித்த விருப்பம். தகனமா அடக்கமா, கடமை செய்வது யார் என்பது தெரிந்திருந்தால் வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளிடையே மனக்கசப்பு வராது.

9. வீட்டுக்குரிய கதைகள். இடம்பெயர்ந்த வழி, உதவி செய்த அயலவர், அம்மம்மாவின் கைமருந்து, அம்மப்பா வாவியில் வலை வீசிய இடம், குடும்பம் ஆலயத்திற்குச் செய்து வந்த உபயம்.

வங்கி அட்டையின் இரகசிய இலக்கத்தைப் பலரும் பார்க்கும் கொப்பியில் எழுதலாகாது. நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் மட்டும் சொல்லி வைப்பது நல்லது. பழைய பகைகளையும், பிறரைத் தாழ்த்தும் குடிப்பெருமைகளையும் இக்கொப்பியில் ஏற்றாதிருத்தல் நன்று. பிள்ளைகளுக்குப் பயன்படும் சொத்து அதுவன்று.

எழுதிய பின் இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றை வேறு ஊரிலுள்ள உறவினரிடமும், மற்றொன்றைப் படம்பிடித்து வெளிநாட்டிலுள்ள பிள்ளையிடமும் சேர்ப்பித்தல் வேண்டும். எழுவான்கரையில் இருப்போர் படுவான்கரையிலும், படுவான்கரையில் இருப்போர் எழுவான்கரையிலும் ஒரு பிரதி வைத்தால் வெள்ளமோ புயலோ இரண்டையும் ஒருங்கே கொண்டு செல்லாது. கைத்தொலைபேசியில் மட்டும் வைத்திருப்பது போதாது. அது தொலைந்தாலும் உடைந்தாலும் எல்லாம் போய்விடும். மூலப்பத்திரங்களைத் தண்ணீர் புகாத பொலித்தீன் உறையிலிட்டு, ஒரு கையால் எடுத்துக்கொண்டு ஓடக்கூடிய பையில் வைத்தல் வேண்டும். அப்பை எங்கே இருக்கிறது என்பது வீட்டின் சிறு பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

புகைப்படங்கள்

2011 மார்ச் 11இல் ஜப்பானை ஆழிப்பேரலை தாக்கியபின், மியாகி மாகாணத்தின் யமமோட்டோ என்ற சிறிய ஊரில் சேற்றிலிருந்து ஏறத்தாழ 7,50,000 புகைப்படங்கள் மீட்கப்பட்டன. தொண்டர்கள் அவற்றைக் கழுவி, உலர்த்தி, உரியவர்களிடம் சேர்க்கப் பாடுபட்டனர். வீடிழந்தவர்களும் முதலில் தேடியது தம் உறவுகளின் முகத்தைத்தான். நீரில் நனைந்த படத்தைச் சுத்தமான குளிர்ந்த நீரில் மெதுவாக அலசி, முகப்பைத் தேய்க்காமல், ஒன்றோடொன்று ஒட்டாதபடி நிழலில் உலர்த்தினால் பலவற்றைக் காப்பாற்றலாம். அதைவிட முக்கியமானது, ஒவ்வொரு படத்தின் பின்னும் பென்சிலால் பெயர், இடம், ஆண்டு எழுதி வைப்பது. பெயர் தெரியாத படம் இரண்டு தலைமுறையில் அந்நியர் படமாகிவிடும்.

பேசத் தயங்கும் பேச்சு

"நல்ல நாளும் பெருநாளுமாய் ஏன் இந்த அமங்கலப் பேச்சு?" என்று பெரியோர் கடிந்து கொள்வதுண்டு. பிள்ளைகளும், "கேட்டால் சொத்துக்காகக் கேட்கிறான் என்று நினைப்பார்களே" என அஞ்சி வாய் திறப்பதில்லை. இவ்வாறு இரு பக்கத்தாரும் அன்பினாலேயே மௌனம் காக்கின்றனர். அந்த மௌனத்தின் பாரம் கடைசியில் கணவனை இழந்த மனைவியின் தலையில் அல்லது ஒன்றும் அறியாத மூத்த பிள்ளையின் தோளில் இறங்குகிறது. யாக்கை நிலையாமையைச் சைவம் ஒருபோதும் மறைத்ததில்லை. திருமுறைகளை ஓதும் வாய், வீட்டில் அதைப் பேச அஞ்ச வேண்டியதில்லை.

ஆகையால் பேச்சைப் பெரியவரே தொடங்குவது சிறப்பு. பிள்ளைகள் தொடங்குவதாயின், உறுதியையும் வங்கிப் புத்தகத்தையும் முதலில் கேளாது, "அம்மம்மா, உங்கட சின்ன வயதில இந்த ஊர் எப்படி இருந்தது?" என்று கேட்கலாம். கதை கேட்ட பிள்ளையிடம் பெட்டகத்தின் திறப்பும் தானாக வந்து சேரும்.

ஆலயமும் அடியார்களும்

ஆலயம் முற்காலத்தில் ஊரின் நினைவுக் களஞ்சியமாக விளங்கியது. குடித் திருவிழா நாளில் ஒவ்வொரு குடியினரும் தம் மூத்தோரை அமர்த்தி இளையோருக்கு வம்சாவளி சொல்லக் கேட்கலாம். வீடுகளில் கிடக்கும் பழைய நினைவு மலர்களையும் கல்வெட்டுகளையும் சேகரித்து ஆலயத்தில் ஒரு பிரதி பேணலாம். 2005 முதல் இயங்கி வரும் நூலகம் நிறுவனம் ஈழத்து ஆவணங்களை இலத்திரனியல் வடிவில் பேணி வருகிறது. அவ்வாறான முயற்சிகளுக்கும் பிரதி அனுப்பி உதவலாம்.

நவராத்திரி காலத்தில் சரஸ்வதி பூசையில் பிள்ளைகளின் புத்தகங்களை வைத்து வணங்குவது வழக்கம். இவ்வாண்டு முதல் அவற்றோடு குடும்பக் கொப்பியையும் வைத்து, விஜயதசமியன்று எடுத்து, அவ்வாண்டில் பிறந்தோரையும் மணமுடித்தோரையும் மறைந்தோரையும் பிள்ளைகளின் கையெழுத்தாலேயே பதிந்து வரலாம். ஆண்டுக்கு ஒரு நாள், ஒரு மணித்தியாலம் போதும். மறைந்தோரின் பெயர்கள் மறையாதிருக்கவும், இருப்போர் இடர் வந்தபோது கலங்காதிருக்கவும் எல்லாம் வல்ல எம்பெருமான் திருவருள் பாலிப்பானாக.